புதிய செயலியும் பழைய பலகையும்

வடகிழக்குப் பருவமழை ஓயாது பெய்த ஒரு மாலையில், மெர்சிங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நடைபெற்ற விளக்கக் கூட்டம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். அப்பொழுது பால் வெட்டும் தொழிலாளர் ஒருவர், மழைச் சட்டைக்குள் ஒரு சிறு அட்டைப் பெட்டியை அணைத்தவாறு என்னிடம் வந்தார்.

"சார், மகள் கணினி வேகமாக ஓட வேண்டுமென்று இந்தப் பொருளை வாங்கிக் கொடுத்தேன். மாட்டிய பின் திரையில் ஒன்றுமே வரவில்லை. கடையில் காட்டினால், 'பலகை போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்' என்கிறார்கள்" என்றார்.

மழைக்காலத்தில் பால் வெட்டு நாள்கள் குறைவு என்பதை உங்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. அத்தகைய மாதத்தில் சேமித்த பணத்தைக் கொண்டு, தொழில்நுட்பக் கல்வி பயிலும் மகளுக்காக அவர் வாங்கிய பொருள் அது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த செயலியில் குறையொன்றும் தென்படவில்லை. "அண்ணே, பலகை கெட்டுவிட்டது என்று இப்பொழுதே முடிவு செய்ய வேண்டா. பழைய செயலி வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அந்த ஒரு பதிலால் அக்குடும்பத்தின் பணம் தப்பியது. எவ்வாறு தப்பியது என்பதே இம்மாதப் பாடம்.

மூன்று பெயர்கள்

முதற்கண் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்வோம்.

மேசைக் கணினியின் பெட்டியைத் திறந்தால், உள்ளே அகன்ற ஒரு மின்சுற்றுப் பலகை தென்படும். கணினியின் பிற உறுப்புகள் யாவும் இதனுடன் இணைக்கப்பட்டிருக்கும். இதுவே மதர்போர்டு எனும் தாய்ப்பலகை.

தாய்ப்பலகையின் நடுப்பகுதியில், காற்றாடிக்கு அடியில், தீப்பெட்டியளவான சதுரச் சில் ஒன்று அமர்ந்திருக்கும். கணக்கிடுதல், ஒப்பிடுதல், கட்டளையிடுதல் ஆகிய அனைத்தையும் செய்வது இதுவே. இதனைப் புரோசசர் அல்லது செயலி என்பர். கைப்பேசியில் நாம் இறக்கிக்கொள்ளும் மென்பொருள்களையும் செயலி என்றே அழைக்கிறோம். ஈண்டு நாம் பேசுவது அதுவன்று. கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சில்லைப் பற்றியே பேசுகிறோம்.

மூன்றாவது, பயோஸ். இது தாய்ப்பலகையில் பொருத்தப்பட்ட ஒரு சிறு நினைவகச் சில்லுக்குள் எழுதி வைக்கப்பட்ட மென்பொருள். பொத்தானை அழுத்தியவுடன், விண்டோஸ் தோன்றுவதற்கு முன்னரே விழித்தெழுவது இது. செயலி உள்ளதா, நினைவகம் உள்ளதா, விசைப்பலகை உள்ளதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லாம் சரியாக இருந்தால் விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, பயோஸ் என்பது மாற்றி எழுத முடியாத சில்லில் இருந்தது. பின்னர் 1990களில், அழித்து மீண்டும் எழுதத்தக்க ஃபிளாஷ் நினைவகம் பரவலாயிற்று. இன்றைய பலகைகளில் இருப்பது யு.இ.எஃப்.ஐ. எனும் புதிய வகையாயினும், பழக்கத்தால் அதனையும் பயோஸ் என்றே அழைத்து வருகிறோம்.

செக்ரோலில் பெயர் வேண்டும்

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்கிறோம். கிராணியார் செக்ரோலைப் பிரித்துப் பெயர்களை வாசிக்கிறார். மிகத் திறமையுடன் பால் வெட்டும் ஒருவர் வேறு தோட்டத்திலிருந்து அன்றுதான் வந்து நிற்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் கையில் கத்தியும் வாளியும் உள்ளன. உடலில் வலிமையும் உள்ளது. எனினும் செக்ரோலில் அவர் பெயர் இல்லையெனில், அவருக்கு நிரை கிடைக்காது. குறை அவரிடத்தில் இல்லை, தோட்டத்திலும் இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறவில்லை, அவ்வளவே.

பயோஸும் அத்தகைய பதிவேட்டை வைத்திருக்கிறது. கணினி விழிக்கும்போது, செயலியில் பொறிக்கப்பட்டுள்ள அடையாள எண்ணைப் பயோஸ் படிக்கும். அச்செயலியை எவ்வாறு தொடங்குவது, எவ்வளவு மின்னழுத்தம் கொடுப்பது, நினைவகத்துடன் எவ்வாறு இணைப்பது என்னும் குறிப்புகளைத் தன்னுள் தேடும். 2017இல் எழுதப்பட்ட பயோஸில், 2022இல் பிறந்த செயலியைப் பற்றிய குறிப்பு எங்ஙனம் இருக்கும்? குறிப்பு இல்லாதபோது கணினி நின்றுவிடும். காற்றாடி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். இதனைக் கண்டோர் பலகை கெட்டுவிட்டது என்றோ, புதிய செயலி பழுது என்றோ முடிவு கட்டிவிடுகின்றனர்.

பயோஸைப் புதுப்பித்தல் என்பது, புதிய பெயர்கள் சேர்க்கப்பட்ட செக்ரோலைக் கிராணியார் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். அதனைத் தாய்ப்பலகையைச் செய்த நிறுவனமே எழுதித் தனது இணையத்தளத்தில் இலவசமாக வழங்குகிறது.

ஒரே துளை, பல தலைமுறை

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகைப் பலகைகள். செயலி அமரும் இடத்தைச் சாக்கெட் என்பர். ஏ.எம்.4 சாக்கெட்டில் 1331 துளைகள் உள்ளன. செயலியின் அடியிலுள்ள 1331 ஊசிகள் அவற்றினுள் இறங்கும். 2017 மார்ச்சில் முதல் ரைசன் செயலிகள் இச்சாக்கெட்டுக்காக வெளிவந்தன. 2020 நவம்பரில் வெளிவந்த ரைசன் 5000 வரிசையும் அதே சாக்கெட்டிலேயே அமர்கிறது. ஆதலின் புதியதைப் பழைய பலகையில் வைத்தால் ஊசிகள் தடையின்றி இறங்கிவிடும். ஆனால் ஊசி பொருந்துவது வேறு. பலகை அறிந்துகொள்வது வேறு.

2018 பிப்ரவரியில் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி ஆகிய செயலிகள் விற்பனைக்கு வந்தபோது இச்சிக்கல் வெளிப்படையாயிற்று. கடைகளில் இருந்த பலகைகளில் பழைய பயோஸே இருந்தது. புதிய பலகையும் புதிய செயலியும் வாங்கியோர் கணினியைத் தொடக்க இயலாது திகைத்தனர். பயோஸைப் புதுப்பிக்கக் கணினி ஓட வேண்டும்; கணினி ஓடப் பயோஸ் புதியதாய் இருக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் சாவி அகப்பட்டது போன்ற நிலை! முடிவில் ஏ.எம்.டி. நிறுவனமே, அத்தகைய வாடிக்கையாளர்க்குப் பழைய செயலி ஒன்றைச் சில நாள்களுக்கு இரவலாக அனுப்பி உதவியது. அதனைப் பொருத்திப் பயோஸைப் புதுப்பித்த பின் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

2020 மே மாதத்தில் இன்னொரு நிகழ்ச்சி. வரவிருந்த ரைசன் 5000 வரிசை, பி450, எக்ஸ்470 போன்ற 2018ஆம் ஆண்டுப் பலகைகளில் இயங்காது என்று அந்நிறுவனம் முதலில் அறிவித்தது. பயோஸ் சில்லின் கொள்ளளவு அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பல பலகைகளில் அச்சில் 16 மெகாபைட் அளவினது. அதற்குள் எல்லாத் தலைமுறைச் செயலிகளின் குறிப்புகளையும் அடக்குவது கடினம். எனினும் பயனீட்டாளர்கள் உலகெங்கும் முறையிட்டனர். அதே மாதத்திலேயே நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் ஏ320, பி350, எக்ஸ்370 ஆகிய 2017ஆம் ஆண்டுப் பலகைகளுக்கும் வழி திறக்கப்பட்டது. பழைய பொருளை எறியாமல் பயன்படுத்த விரும்பிய சாதாரண மக்களின் குரலுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

இடப் பற்றாக்குறையினால் நேர்ந்த ஒரு விளைவையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். சில பலகைகளின் புதிய பயோஸில், புதிய பெயர்களைச் சேர்க்கும்பொருட்டு மிகப் பழைய செயலிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன. அத்தகைய பயோஸை ஏற்றிய பின் பழைய செயலி இயங்காது போகலாம். ஆதலின் பயோஸ் கோப்பின் அருகில் எழுதப்பட்டுள்ள குறிப்பைப் படிக்காமல் எதனையும் இறக்குதல் கூடாது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கணினிச் சில்லுகள் எங்கோ தொலைவில் பிறப்பன என்று எண்ண வேண்டா. இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் தன் தொழிற்கூடத்தைத் தொடங்கியது. ஏ.எம்.டி. நிறுவனமும் 1970களின் தொடக்கத்திலேயே அங்கு வந்தது. சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் பணி அன்று முதல் நம் நாட்டில் நடந்து வருகிறது. பயோஸ் எழுதும் துறையிலோ, உலகப் புகழ் பெற்ற அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தை 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியோருள் சுப்ரமோனியன் சங்கர் ஒருவர். அந்நிறுவனத்திற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. கணினி தொடங்கும்போது 'டிலிட்' விசையை அழுத்தினால் தோன்றும் பக்கங்களுள் பல அந்நிறுவனத்தின் அடிப்படையில் எழுந்தவையே.

இவற்றையெல்லாம்விட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கி வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கான பட்டியலில், 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன் செயலிகள் இடம் பெறவில்லை. ஆகவே அவ்வாண்டுகளில் வாங்கிய கணினியை வைத்திருக்கும் குடும்பங்கள், "இனி முழுக் கணினியையும் மாற்ற வேண்டுமோ?" என்று கலங்குகின்றன. மாற்ற வேண்டுவது செயலி ஒன்று மட்டுமாக இருக்கலாம். 2017இல் வந்த ரைசன் 3 1200 செயலியில் நான்கு கருக்கள் உள்ளன. 2022இல் வந்த ரைசன் 5 5600 செயலியில் ஆறு கருக்கள். ஒரே வேளையில் பன்னிரண்டு வேலைத் தொடர்களை நடத்தும். இரண்டிற்கும் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 65 வாட்டே. பிந்தியது விண்டோஸ் 11 பட்டியலிலும் உண்டு. பெட்டி, மின்வழங்கி, வட்டு, திரை ஆகிய அனைத்தும் இருந்தபடியே இருக்கும்.

பணம் கொடுக்கும் முன் நான்கு வினாக்கள்

1. என் பலகையின் முழுப்பெயர் என்ன? பலகையின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தாலும், பலகையின் பெயரும் தற்போதைய பயோஸின் பதிப்பும் நாளும் தெரியும். பெயரோடு 'ரெவ்' எனத் தொடங்கும் திருத்த எண் இருந்தால் அதனையும் குறித்துக்கொள்க. ஓர் எழுத்து மாறினும் அது வேறு பலகையாகும்.

2. நான் வாங்க விரும்பும் செயலி, அப்பலகையின் பட்டியலில் உள்ளதா? பலகை நிறுவனத்தின் இணையத்தளத்தில் 'சி.பி.யு. சப்போர்ட்' எனும் பட்டியல் இருக்கும். செயலியின் பெயருக்கு நேரே, எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படும் என்று குறிக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாததை, எவர் உறுதி கூறினும், வாங்குதல் கூடாது.

3. புதிய செயலியில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி உண்டா? ரைசன் 5 5600இல் அப்பகுதி இல்லை. தனியாகக் கிராஃபிக்ஸ் அட்டை இருந்தாலன்றித் திரை ஒளிராது. ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் உண்டு. இப்போதைய திரைக் கம்பி, கிராஃபிக்ஸ் அட்டையில் செருகப்பட்டுள்ளதா, பலகையில் செருகப்பட்டுள்ளதா என்று பார்த்தால் இது விளங்கும்.

4. வேகக் குறைவுக்கு உண்மையிலேயே செயலிதான் காரணமா? பழைய சுழல்வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே பல கணினிகள் விரைவுறும். நினைவகம் 4 ஜிகாபைட் மட்டும் இருந்தால் அதனை உயர்த்துவது முதல் வேலை.

மடிக்கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: பெரும்பாலான மடிக்கணினிகளில் செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அதனை மாற்ற இயலாது. இப்பாடம் மேசைக் கணினிக்கே உரியது.

செய்முறை

பழைய செயலியைக் கழற்றுவதற்கு முன்பே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். இஃது இப்பாடத்தின் தலையாய விதி. பழைய செயலியைப் பயோஸ் அறியும். ஆதலின் அது இருக்கும்போதே கணினி ஓடும். ஓடும்போதே புதிய பதிவேட்டைக் கொடுக்க முடியும்.

முதலாவதாக, பாடங்கள், படங்கள், சான்றிதழ்கள் ஆகியவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்கவும். வட்டு 'பிட்லாக்கர்' எனும் பூட்டினால் காக்கப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்து, அப்பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும். செயலி மாறியவுடன் கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையெனில் கோப்புகளைத் திறக்க இயலாது.

இரண்டாவதாக, பலகை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே பயோஸ் கோப்பை இறக்குக. நண்பர் அனுப்பியது, வேறு தளத்தில் கிடைத்தது ஆகியவை வேண்டா. சில பலகைகளில் மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே புதியதற்குத் தாவ முடியாது. இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் ஏற்ற வேண்டும் என்று குறிப்பு இருக்கும். அதனைப் படித்து அதன்படி நடக்கவும்.

மூன்றாவதாக, கோப்பு சுருக்கப்பட்டிருப்பின் விரித்து, எஃப்.ஏ.டி.32 முறையில் அமைக்கப்பட்ட ஒரு பென்டிரைவில் இடவும். அவ்வாறு அமைக்கும்போது அதிலுள்ள பழைய கோப்புகள் அழியும் என்பதை மறவற்க.

நான்காவதாக, கணினியை மீண்டும் தொடக்கி, உடனே 'டிலிட்' அல்லது 'எஃப்2' விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் பக்கம் திறக்கும். இப்போதைய அமைப்புகளைக் கைப்பேசியால் படம் பிடித்து வைக்கவும். புதுப்பித்தபின் அவை தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். பின்னர்ப் புதுப்பிக்கும் பகுதிக்குச் செல்க. ஆசுஸ் பலகையில் 'ஈசி ஃபிளாஷ்', ஜிகாபைட்டில் 'கியூ ஃபிளாஷ்', எம்.எஸ்.ஐ.யில் 'எம் ஃபிளாஷ்', ஆஸ்ராக்கில் 'இன்ஸ்டன்ட் ஃபிளாஷ்' என்று அதற்குப் பெயர். பென்டிரைவிலுள்ள கோப்பைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்தால் வேலை தொடங்கும்.

ஐந்தாவதாக, கைகட்டிக் காத்திருக்கவும். சில நிமிடங்கள் ஆகும். திரை இருளலாம், கணினி தானே நின்று மீண்டும் தொடங்கலாம். பொத்தானைத் தொடுதல் கூடாது. பென்டிரைவைப் பிடுங்குதலும் கூடாது. முடிந்ததும் பயோஸ் பக்கத்தில் புதிய பதிப்பு எண் தெரிகிறதா என்று சரிபார்த்து, விண்டோஸ் வழக்கம்போல் வருகிறதா என்றும் பார்க்கவும்.

ஆறாவதாக, கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரே செயலியை மாற்றவும். காற்றாடிப் பகுதியை நேரே மேலே இழுத்தால், பசை ஒட்டிக்கொண்டு செயலியும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரும், ஊசிகள் வளையும். இலேசாக இடமும் வலமும் திருப்பி விடுவித்த பின் தூக்குக. செயலியின் மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைச் சாக்கெட்டிலுள்ள குறியோடு பொருத்தி வைத்தால், அது தன் எடையாலேயே இறங்கும். அழுத்துதல் வேண்டா. பழைய பசையைத் துடைத்துப் புதிய வெப்பப் பசையை ஒரு பட்டாணியளவு இட்டுக் காற்றாடியைப் பூட்டவும்.

முதல் முறை தொடங்கும்போது, நினைவகத்தைப் பழகிக்கொள்ளக் கணினிக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். உடனே திரை வரவில்லையென்று அஞ்சி நிறுத்திவிட வேண்டா.

மழையும் மின்சாரமும்

பால் வெட்டுவோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. கத்தி பட்டையின் அளவிலே நின்றால் மரம் பல்லாண்டு பால் தரும். ஆழம் தவறி மரத்தையே தொட்டால் அவ்விடம் புண்ணாகிப் பின் நேராக வளராது. பயோஸை எழுதும் நிமிடங்களும் அத்தகையனவே. பழைய பதிவேடு அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படும் இடைவேளையில் மின்சாரம் நின்றால், கிராணியார் கையில் பழைய செக்ரோலும் இல்லை, புதியதும் இல்லை என்னும் நிலை உண்டாகும். மறுமுறை பொத்தானை அழுத்தினால் பலகை விழிக்காது.

பயோஸ் அழிந்தால் நேரும் கேட்டை உலகம் ஒருமுறை பெரிய அளவில் கண்டது. 1998இல் தைவானில் தோன்றிய சி.ஐ.எச். எனும் கணினி நச்சு நிரல், 1999 ஏப்ரல் 26ஆம் நாள் பல நாடுகளில் விழித்தெழுந்து, வட்டிலுள்ள தரவுகளை அழித்ததோடு, இயன்ற பலகைகளில் பயோஸையும் குலைத்தது. பழுதற்ற பலகைகள் பல, ஒரு சிறு சில்லின் எழுத்து அழிந்தமையால் உயிரற்றுக் கிடந்தன.

நவம்பர் முதல் மார்ச் வரை நம் கிழக்குக் கரையில் மழையும் காற்றும் மிகுதி. அந்நாள்களில் மின்சாரம் தடைபடுவதும் உண்டு. ஆதலின் இடி முழங்கும் மாலையில் இவ்வேலையைத் தொடங்க வேண்டா. வானம் தெளிந்த காலை வேளையைத் தேர்ந்துகொள்க. யு.பி.எஸ். எனும் மின்காப்புப் பெட்டி இருப்பின், கணினியை அதனோடு இணைத்துச் செய்வது மேலும் நன்று. இணைப்புக் கம்பியைப் பிள்ளைகள் காலால் இடறாதவாறு பார்த்துக்கொள்வதும் ஒரு கடமையே.

அங்ஙனமே தவறு நேர்ந்தாலும் நம்பிக்கையை முற்றும் இழக்க வேண்டியதில்லை. சில பலகைகளில் இரண்டாவது பயோஸ் சில் காப்பாக உள்ளது. மற்றவற்றில், பழுது பார்க்கும் திறமுடையோர் தனிக் கருவியைக் கொண்டு அச்சில்லில் மீண்டும் எழுதித் தர இயலும். "பலகை போயிற்று" என்று கேட்டவுடன், "பயோஸை மீண்டும் எழுதிப் பார்த்தீர்களா?" என்று கேட்பது நம் உரிமை.

பழைய செயலி கைவசம் இல்லையெனில்

பழைய செயலியை விற்றுவிட்டோர்க்கும் வழி உண்டு. சில பலகைகளின் பின்புறத்தில் 'ஃபிளாஷ் பயோஸ்', 'பயோஸ் ஃபிளாஷ்பேக்', 'கியூ ஃபிளாஷ் பிளஸ்' என்னும் பெயர்களுள் ஒன்றைத் தாங்கிய பொத்தான் இருக்கும். இப்பொத்தானுள்ள பலகையில் செயலியே இல்லாவிடினும், மின்வழங்கியை இணைத்து, உரிய துளையில் பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தினால் பயோஸ் புதுப்பிக்கப்படும். கோப்பிற்கு எப்பெயர் இட வேண்டும் என்பது பலகையின் கையேட்டில் கூறப்பட்டிருக்கும். பொத்தான் இல்லாத பலகையெனில், அதனை ஏற்கும் பழைய செயலி வைத்துள்ள கடையில் சிறு கட்டணம் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். புதிய செயலி நன்கு இயங்கும் வரை பழையதை எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்பதே இதனால் பெறப்படும் அறிவுரை.

இணைய வசதி வீட்டில் குறைவாக இருந்தால், உங்கள் வட்டாரத்தில் உள்ள நாடி எனும் தேசியத் தகவல் பரப்பு மையத்தில் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். பள்ளியில் கணினி கற்பிக்கும் ஆசிரியரையும் அணுகலாம்.

முடிவாக

மழைச் சட்டைக்குள் பெட்டியைக் கொண்டுவந்த நண்பரின் கணினி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. அவர் இல்லத்தில் பழைய செயலியை மீண்டும் பொருத்தினோம். கணினி உடனே விழித்தது. பலகையின் பயோஸ் 2018ஆம் ஆண்டினது என்று திரை காட்டியது. மகளே பட்டியலைப் படித்து, உரிய பதிப்பைத் தேடி எடுத்தாள். பயோஸ் எழுதப்பட்ட சில நிமிடங்கள் வரையிலும் தந்தை மின்கம்பியின் அருகில் காவல் நின்றார். பின்னர்ப் புதிய செயலி அமர்ந்தது; திரையும் ஒளிர்ந்தது. "அப்பா, பலகை கெட்டுப்போகவே இல்லை" என்றாள் அவள். அவர் மறுமொழி கூறவில்லை. புதிய கணினிக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டு எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்கடைக்காரர் வஞ்சகர் என்று நான் கூறமாட்டேன். அவசரத்தில் பார்த்திருக்கலாம், அறியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பிறருடைய அவசரத்திற்கும் அறியாமைக்கும் நம் மாதச் சம்பளம் விலையாகக் கூடாது. நிரையில் நின்று துளித் துளியாகச் சேர்த்த பாலை நாம் மண்ணில் ஊற்றுவதில்லை. அதனை விற்று வந்த பணத்திற்கும் அதே காவல் வேண்டும். வாங்குமுன் பட்டியலைப் பாருங்கள், கழற்றுமுன் புதுப்பியுங்கள், எறியுமுன் ஒருமுறை வினவுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. புதிய செயலியின் ஊசிகள் பழைய சாக்கெட்டில் சரியாகப் பொருந்தியும் கணினி தொடங்காமைக்குக் காரணம் என்ன?

2. பழைய செயலியைக் கழற்றுவதற்கு முன்பே பயோஸைப் புதுப்பிக்க வேண்டுவது ஏன்?

3. பயோஸ் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் நேர்வது யாது? அதனைத் தவிர்க்க நீங்கள் எந்நேரத்தைத் தேர்வீர்கள்?

4. உங்கள் இல்லத்துக் கணினியின் பலகைப் பெயரையும் பயோஸ் பதிப்பையும் கண்டறிந்து, குடும்பத்தார் அனைவரும் அறியும்படி ஒரு தாளில் எழுதி வைக்கவும்.